ஓய்வுபெற்ற காளையும் பேசாத மணியும்

அந்தப் பால் சேகரிப்பு நிலையத்தின் முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் வைக்க இடம் இருக்காது. மனிதர்கள் ஒரு வரிசை, மாடுகள் ஒரு வரிசை. மாடுகள் ஒழுங்காக நின்றன. மனிதர்கள்தான் முண்டியடித்தார்கள்.

எல்லாம் மணி ஞானியைப் பார்க்கத்தான். இந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். அவர் வரும் வேனின் கண்ணாடியில் அவரே எழுதி ஒட்டியிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் செருப்பு. நாள் முழுக்கச் சாணிக்கு நடுவில் நின்றும் அந்தச் செருப்பில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை என்பதையே பாதிப் பேர் அற்புதமாக எடுத்துக்கொண்டார்கள். செருப்பைத் துடைப்பதற்கென்றே ஒரு சீடர் துணியோடு பின்னால் நடந்ததை அவர்கள் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொல்லவில்லை.

ஞானியின் தொழில் சுருக்கமானது. கன்று போட்டு மாதக்கணக்காகியும் மறுபடி பருவத்துக்கு வராத மாட்டை அவரிடம் ஓட்டிவர வேண்டும். பருவத்துக்கு வந்தால்தான் சினை, சினையானால்தான் கன்று, கன்று போட்டால்தான் பால். மாடு வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய கவலை கிடையாது. ஞானி மாட்டின் விலாவில் ஒரு பித்தளைக் குழாயை வைத்துக் காதைக் கொடுப்பார். கண்ணை மூடுவார். முற்றம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

"முட்டை தூங்குது" என்பார்.

பிறகு பையிலிருந்து ஒரு மணியை எடுத்து மாட்டின் கழுத்தில் கட்டுவார். "இருபத்தோரு நாளுக்குள்ள இந்த மணி பேசும். பேசினா முட்டை முழிச்சிருச்சுன்னு அர்த்தம்."

கூடவே கட்டளைகளும் உண்டு. இருபத்தோரு நாளும் மாட்டை வேலிக்கு வெளியே விடக் கூடாது. விடியற்காலை, நடுப்பகல், அந்தி என மூன்று வேளையும் மாட்டின் எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்து, செல்போனைத் தொடாமல், உற்றுப் பார்க்க வேண்டும். தீனி தின்னும்போதும் ஈ விரட்டும்போதும் அடிக்கிற மணி கணக்கில் சேராது. விடாமல் அடித்தால்தான் அது பேச்சு.

வேடிக்கை என்னவென்றால், மணி பேசியது. பத்து மாட்டில் ஏழு மாடு பத்து, பன்னிரண்டு நாளில் ஓர் அதிகாலை கத்தும், வேலியோரம் நடையாய் நடக்கும், பக்கத்து மாட்டின் முதுகில் ஏறும். கழுத்து மணி தெருவையே எழுப்பும். தையல்காரரின் மாடு ஒன்பதாம் நாளே பேசிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவர் அன்று ஒரு சட்டைக்கு இரண்டு இடக் கைகளை வைத்துத் தைத்தார். சட்டைக்காரர் கூடக் கோபிக்கவில்லை, அவருடைய மாட்டுக்கும் மணி கட்டியிருந்தது.

பேசாத மாடுகளும் இருந்தன. ஞானி அவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "இது கல். உள்ள முட்டையே கிடையாது. கல் மாடு ஒண்ணு தெருவுல நின்னா மத்த மணியும் ஊமையாயிரும். ஒரு வாரத்துல அனுப்பிடுங்க."

எங்கே அனுப்புவது? அதற்குத்தான் ஒரு தரகர் இருந்தார். கல் மாட்டைக்கூட மனம் இரங்கி அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்கிற உத்தமர். ஞானி கல் என்று சொன்ன அடுத்த ஞாயிறு அவருடைய லாரி சொல்லிவைத்தாற்போல் வந்து நிற்கும். இந்தத் தரகரிடம் ஒரு கிழக் காளையும் இருந்தது. "வயசாயிருச்சு, இனி ஒண்ணுக்கும் ஆகாது. புல்லையாவது தின்னுட்டுப் போகட்டும்" என்று ஊர் மாடுகள் மேயும் பொதுத் திடலில் அதை விட்டிருந்தார். தெரு அதற்கு 'ரிட்டயர்டு' என்று பெயர் வைத்து, பார்க்கும்போதெல்லாம் பரிதாபப்பட்டது.

பால்காரரின் மாட்டைத்தான் போன ஞாயிறு ஞானி கல் என்று சொல்லிவிட்டார்.

அவரிடம் நாலு மாடு. அதில் ஒன்று சீமாட்டி. செந்நிறம், நெற்றியில் வெள்ளை, இடக் காதின் நுனி கம்பி வேலியில் கிழிந்தது. வேறு மாடு வாய் வைத்த வாளியில் தண்ணீர் குடிக்க மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். பால்காரர் மற்ற மூன்றையும் கறக்கும்போது ரேடியோ வைப்பார். சீமாட்டியைக் கறக்கும்போது மட்டும் அவரே பாடுவார். ரேடியோ வைத்தால் அவள் காலைத் தூக்கிவிடுவாள். அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டு அசையாமல் நிற்கிற ஒரே உயிர் அவள்தான் என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

அந்தச் சீமாட்டிக்காக அவர் இருபத்தோரு நாளும் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். அவள் அசை போட்டாள். அவரையும் அவ்வப்போது பார்த்தாள். மணி மட்டும் பேசவில்லை. ஞானி கல் என்றதும் அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று கறக்கும்போது பாடவில்லை.

அதற்கு மேல் தெரு அவரை விடவில்லை. தையல்காரர் தலைமையில் ஐந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். "தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டு மணியும் ஊமையாயிட்டா என்ன பண்றது?" பால்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை லாரியில் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து மனைவி அவரோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொன்னாள். "சீமாட்டி, உங்க ஐயாகிட்டச் சொல்லு, டீ ஆறுதாம். அப்படியே உன்னை எந்த மனசோட அனுப்புறார்னும் கேளு." பால்காரரும் மாட்டைப் பார்த்தே பதில் சொன்னார். "எனக்கு மட்டும் ஆசையா சீமாட்டி? தெருவே சொல்லுது." சீமாட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சனிக்கிழமை மாலை கொழுந்தியாள் வந்து இறங்கினாள். பால்காரரின் மனைவிக்குத் தங்கை. நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஸ்கேன் எடுக்கிற வேலை. குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களின் சினைப்பையைத் திரையில் பார்த்து, முட்டை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்து எழுதுவாள். ஒரு நாளைக்கு முப்பது பேர். அக்கா போனில் அழுததைக் கேட்டு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

வந்தவள் நேரே தொழுவத்துக்குப் போனாள். மணி கழுத்தில் தொங்க நின்ற சீமாட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"என்ன அத்தான், அக்காவுக்கு ஒரு சங்கிலி வாங்கித் தரச் சொன்னா வருஷம் மூணாச்சு. மாட்டுக்கு மணியே வாங்கிக் கட்டிட்டீங்க."

"கேலி பண்ணாதேம்மா. இருபத்தோரு நாளும் கண்ணாலே பார்த்தேன். பேசல."

"மத்த மூணு மாடு?"

"அதுங்களுக்கு மணி கட்டல. ஆனா கட்டாமலே ரெண்டு மாடு துள்ளிச்சு. நான்தான் எதிர்லயே உட்கார்ந்திருந்தேனே, பார்த்தேன்."

"மணி இல்லாத மாடு எப்படித் துள்ளிச்சு?"

பால்காரர் இதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். "சீமாட்டி மணியோட சத்தம் காத்துல போய்ப் பட்டிருக்கும்."

கொழுந்தியாள் அக்காவைப் பார்த்தாள். அக்கா சீமாட்டியைப் பார்த்தாள். சீமாட்டி மட்டும் யாரையும் பார்க்கவில்லை.

"உட்காருங்க அத்தான்" என்று அவருடைய வாளியை அவரிடமே தள்ளினாள் கொழுந்தியாள். "மாடு இருபத்தோரு நாளைக்கு ஒரு தடவை தானாவே பருவத்துக்கு வரும். நீங்க மணி கட்டினாலும் வரும், வெங்காய மூட்டை கட்டினாலும் வரும். மூளைக்கு அடியில ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. அது ஹார்மோன் அனுப்பும். உடனே சினைப்பையில ஒரு கூட்டம் கொப்புளம் கிளம்பும், ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு முட்டை. அதுல ஒண்ணுதான் பெரிசாகும். பெரிசானதும் என்ன பண்ணும் தெரியுமா? எனக்குப் போதும், மத்தவங்களுக்குப் பரிமாறாதேன்னு மேலே சொல்லி அனுப்பும். மத்ததெல்லாம் பட்டினியில வாடிப் போயிரும்."

"அடப்பாவி" என்றார் பால்காரர், வாடிப்போன கொப்புளங்களுக்காக.

"அந்தப் பெரிய கொப்புளமும் ஒரு ஹார்மோன் விடும். அதனாலதான் மாடு நிலைகொள்ளாம கத்துது, துள்ளுது. அதே ஹார்மோன் மூளைக்கும் போய்த் தட்டும். அங்கேயிருந்து வேற ஒரு ஹார்மோன் ஒரே வீச்சா வரும், கொப்புளம் வெடிச்சு முட்டை வெளிய வரும். நான் தினம் ஸ்கேன்ல பார்க்கிற பொம்பளைங்களுக்கும் உள்ள இதே வேலைதான் நடக்குது. துள்ளல் மட்டும்தான் கிடையாது."

"அப்போ மணி எதுக்கு?"

"மாட்டுக்கு ஒண்ணுக்கும் இல்ல. உங்களுக்குத்தான். இந்தத் துள்ளலே சில மணி நேரம்தான், அதுவும் பாதி விடியக்காலையில. அப்போ தெரு முழுக்கக் குறட்டை விட்டுக்கிட்டு இருக்கும். மாடு வரலன்னு சொல்வீங்க. அது வந்துட்டுத்தான் போயிருக்கும். மணி கட்டினதும் மூணு வேளை உட்கார்ந்து பார்த்தீங்க. பார்த்தா தெரியத்தானே செய்யும்?"

பால்காரர் வாளி மேல் நெளிந்தார். இத்தனை நாள் தூங்கியது முட்டையா, தான்தானா என்ற சந்தேகம் அவருக்கு முதல்முறையாக வந்தது. ஆனாலும் அவர் விடவில்லை.

"சரி, சீமாட்டிக்கு ஏன் வரல? பார்த்தேனே."

"முட்டை வெளிய வந்த இடத்துல மஞ்சளா ஒரு கட்டி உருவாகும். அது வேற ஒரு ஹார்மோன் விடும். வாசலைச் சாத்து, உள்ள ஆள் வரப்போகுதுன்னு சொல்ற ஹார்மோன். ஆள் வரலன்னா ரெண்டரை வாரத்துல கட்டி கரைஞ்சிரும், மறுபடி முதல்ல இருந்து ஆரம்பம். ஆள் வந்துட்டா?"

பால்காரர் யோசித்தார். "வாசல் திறக்காது."

"திறக்காது. கொப்புளம் வரும், வெடிக்காமலே போகும். மாடு துள்ளாது. மணி அடிக்காது." அவள் சீமாட்டியின் முதுகைத் தட்டினாள். "துள்ளாத மாட்டுல நோய்ப்பட்டது ஒண்ணு ரெண்டு இருக்கலாம். ஆனா எனக்கென்னமோ உங்க மணி கல்லைக் கண்டுபிடிக்கல, சினையைக் கண்டுபிடிச்சிருக்குன்னு தோணுது."

"காளையே இல்லாம எப்படிம்மா சினை?"

"திடல்ல ஒண்ணு நிக்குதாமே. அக்கா சொன்னா."

"அதுவா? அது ரிட்டயர்டு."

அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டாள். ஆறு நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. பால்காரர் சீமாட்டியைத் திரும்பிப் பார்த்தார். சீமாட்டியின் நடத்தையைப் பற்றி அவர் அப்படி யோசித்ததே இல்லை.

"மாட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்" என்றாள் கொழுந்தியாள். "செவ்வாய்க்கிழமைதான் வருவாராம். லாரி நாளைக்கே வருது. நீங்க ஏத்தாம விட்டாலும் தெரு சும்மா இருக்காது. அதனால இன்னைக்கே ஒரு சின்னச் சோதனை பண்ணுவோம். தரகர் நம்பர் குடுங்க."

ஸ்பீக்கரில் போட்டுத் தரகரைக் கூப்பிட்டாள். "அண்ணே, எனக்கு ஒரு நல்ல சினை மாடு வேணும். கிடைக்குமா?"

"எத்தனை வேணும்?" என்றது தரகரின் குரல், குஷியாக. "நாளைக்கு மூணு சினை மாடு ஏத்துறேன். காலையில பத்து மணிக்குக் கூப்பிடு தங்கச்சி, அங்க அடையாளம் எல்லாம் சொல்றேன்."

போனை வைத்தாள். பால்காரர் விரல் விட்டு எண்ணினார். நாளை லாரியில் ஏற வேண்டிய கல் மாடுகள் மூன்று. சீமாட்டி, நிலையத்துக் கணக்கப்பிள்ளையின் மாடு, சலவைக்காரரின் மாடு.

"வேற ஊர்ல வேற மூணு ஏத்துவாரா இருக்கும்" என்றார். குரலில் பலம் இல்லை.

மறுநாள் முற்றத்தில் கூட்டம் நெரிந்தது. வாசலில் லாரி நின்றது. தரகர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முன் இருக்கையில் சாய்ந்திருந்தார். மூன்று கல் மாடுகளும் லாரியின் பின்பக்கம் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. மணி ஞானி சீமாட்டியின் விலாவில் குழாயை வைத்துக் கடைசி முறையாகக் கேட்டார். தலையை மெல்ல ஆட்டினார்.

"கல். சத்தமே இல்லை. இவ்வளவு காலியான வயித்தை நான் கேட்டதே இல்லை."

கூட்டம் உச்சுக்கொட்டியது. தையல்காரர் பால்காரரின் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னார். அந்தக் கை சில நாள் முன்பு அவர் வாசலில் நீட்டி மிரட்டிய அதே கைதான்.

மணி பத்து. கொழுந்தியாள் போனில் எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பால்காரர் கையில் கொடுத்தாள். "உயரமாப் பிடிங்க அத்தான்." அவர் பிடித்தார். 

லாரியின் முன்பக்கம் ஒரு போன் மணி அடித்தது. முற்றத்தில் அன்று விடாமல் அடித்த மணி அது ஒன்றுதான்.

"சொல்லு தங்கச்சி" என்றார் தரகர். போனிலும் கேட்டது, லாரியிலும் கேட்டது. தரகருக்குப் போனில் மெதுவாகப் பேசிப் பழக்கம் கிடையாது.

"மாடு வந்தாச்சாண்ணே?"

"என் லாரிக்குப் பின்னாடியே நிக்குது. முதல் மாடு செவலை. நெத்தியில வெள்ளை. இடது காது நுனி மட்டும் கொஞ்சம் கிழிஞ்சிருக்கும், அதைப் பார்க்காதே. ரெண்டரை மாசச் சினை."

கூட்டம் சீமாட்டியின் காதைப் பார்த்தது.

"சினை உறுதிதானா அண்ணே? ஏமாந்துடக் கூடாது."

"என்ன தங்கச்சி இப்படிக் கேட்கிறே. மூணு வாரம் மணி கட்டி, ஒரு ஆளை எதிர்ல உட்கார வச்சுப் பார்த்தாச்சு. ஒரு தடவைகூடத் துள்ளல. சினையா இல்லாம எப்படித் துள்ளாம இருக்கும்? நம்ம சோதனை தப்பாது."

"எந்தக் காளைக்குண்ணே?"

"என் சொந்தக் காளை. திடல்லயே நிக்குது. இந்த வருஷம் மட்டும் பதினாலு மாடு. அதுக்கு ஓய்வே கிடையாது."

முற்றத்தில் ஒரு சத்தம் இல்லை. தரகர் அந்த அமைதியில் சந்தேகப்பட்டுத் தலையை வெளியே நீட்டினார். நூறு முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கை உயரத்தில் போனைப் பிடித்திருந்தது. அவர் தன் போனைப் பட்டென்று அணைத்தார்.

தையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஞானி ஐயா, முட்டையே இல்லாத மாட்டுக்குள்ள கன்னு எப்படி?"

ஞானி அசரவில்லை. "அதுதான் அற்புதம். என் மணி கல்லுக்கே கரு குடுத்திருக்கு."

நாலைந்து பேர் தலையை ஆட்டவும் செய்தார்கள். தலை என்பது சிலருக்கு அந்த ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது. பால்காரர் ஆட்டவில்லை. சீமாட்டிக்கு முன்னால் போய் நின்றார். இருபத்தோரு நாள் வாளி மேல் உட்கார்ந்த வலி முழுவதும் அவர் குரலில் இருந்தது.

"ரெண்டு நிமிஷம் முன்னாடி நீங்கதானே காதை வச்சுக் கேட்டீங்க? காலி வயிறுன்னு சொன்னீங்க. அந்தக் குழாயைக் கொஞ்சம் குடுங்க."

கேட்டுக்கொண்டே வாங்கிவிட்டார். ஒரு முனையில் வாயை வைத்து ஊதினார். காற்றுப் போகவில்லை. கன்னம் உப்ப இன்னொரு முறை ஊதினார். மறுமுனையிலிருந்து காய்ந்த மண் கட்டி ஒன்று தெறித்து ஞானியின் வெள்ளைச் செருப்பில் விழுந்து உடைந்தது. பழைய குளவிக் கூடு. எத்தனை மாதமாக அடைத்திருந்ததோ. ஞானி அத்தனை நாளும் அத்தனை மாட்டின் வயிற்றையும் அதன் வழியாகத்தான் கேட்டுவந்திருக்கிறார்.

முதலில் சிரித்தது பால்காரரின் மனைவி. பிறகு முற்றமே சிரித்தது. துணியோடு நின்ற சீடர்கூடச் செருப்பைத் துடைக்க மறந்துவிட்டார். சிரிப்பு அடங்குவதற்குள் கணக்கப்பிள்ளையும் சலவைக்காரரும் தங்கள் மாடுகளை அவிழ்த்துக்கொண்டார்கள். முன்பு கல் மாடு கொடுத்தவர்கள் லாரியைச் சுற்றி நின்று, எங்கள் மாடு எங்கே போனது என்று தரகரைக் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விக்குத் தரகர் காவல் நிலையத்தில் உட்கார்ந்து பதில் எழுதிக்கொடுக்க மூன்று நாள் ஆயிற்று. பக்கத்து நாற்காலியில் ஞானி. இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்த சகலைகள் என்பது அங்கேதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மாட்டு டாக்டர் ஸ்கேன் கருவியோடு வந்தார். திரையில் ஒரு சின்ன உருவம் தெரிந்தது. அதற்குள் ஒரு புள்ளி விடாமல் துடித்தது. கொழுந்தியாள் தினம் முப்பது பேருக்குப் பார்க்கிறவள்தான். இருந்தாலும் கண் கலங்கிவிட்டது. பால்காரர் சீமாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "உன்னையா ஏத்தி அனுப்பப் பார்த்தேன்" என்றார். அதையும் மாட்டிடம்தான் சொன்னார். மனைவி பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "சரி, டீ ஆறுது" என்று நேராக அவரிடமே சொன்னாள்.

தெரு ஒரே நாளில் திருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள். புதன்கிழமை தையல்காரர் ரகசியமாக வந்து, "உங்க கொழுந்தியா அந்தப் போனை விற்பாங்களா? நல்ல பலன் தருது" என்று கேட்டார். கொழுந்தியாள் அவரை உட்கார வைத்து, ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, மாடு துள்ளும் தேதியை எழுதி வைக்கச் சொன்னாள். நோட்டை எந்தத் திசை பார்த்து வைக்க வேண்டும் என்று அவர் கேட்டாராம்.

சீமாட்டி அந்த வருஷமே கன்று போட்டாள். கிடேரி, பெண் கன்று. அதுவும் தன் வாளியில்தான் குடிக்கும். அதன் அப்பா ரிட்டயர்டு இப்போது கால்நடை மருத்துவமனைக் கொட்டகையில் நிற்கிறது, ஓய்வில்லாமல்.

கழற்றிய மணியைப் பால்காரர் வீசவில்லை. மனைவி வாங்கி, அவர் தினமும் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே ஆணியில் மாட்டிவிட்டாள். "ஒருத்தர் புதுசா வந்திருக்காராம், கூட்டம் அலைமோதுதாம், கையை வச்சாலே" என்று அவர் ஆரம்பித்தால் போதும், எட்டி அதை விடாமல் அடிப்பாள். அவர் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிப்பார். எந்த மாட்டின் முட்டையையும் எழுப்பாத மணி, ஒரு மனிதரை இப்படித் தினமும் எழுப்புகிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று மாட்டி வையுங்கள். எந்தச் சாமான் கடையிலும் கிடைக்கும், ஞானியிடம் போக வேண்டியதில்லை.